நட்சத்திரத்தின் வரம்பும் மண்டலங்களின் தூரமும்



தென்னாட்டிலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர்கள் பள்ளிக்கூடமும் பஜனை சமாஜமும் கண்டு தழைத்த பம்பாயின் இந்த மாட்டுங்காவில், வான சாஸ்திரத்துக்கென்று தமிழில் ஒரு மாநாடு கூடுவதும், அதற்குத் தலைமை வகிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருப்பதும் பெரும் பாக்கியம் என்றே கருதுகிறேன்.

வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றி இங்கே பேசுவதற்கு விசேஷ நியாயம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், 1930 ஜூலை 31-ஆம் தேதி, இவ்விடத்துக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள பம்பாய்த் துறைமுகத்தில்தான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள நட்சத்திரத்தை எலெக்ட்ரான்களின் அழுத்தமே தாங்கி நிற்கிறது என்று ஆங்கிலேய இயற்பியல் அறிஞர் ஃபௌலர் காட்டியிருந்தார். அவ்வெலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமாயின் ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று பிரயாணத்தினிடையே உணர்ந்த சந்திரசேகர், அத்தகைய நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கண்டார். 1931-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவ்வரம்பு சூரிய நிறையில் 0.91 பங்கு, நட்சத்திரத்தின் ரசாயனச் சேர்க்கை தெளிவான பிறகு அது சுமார் 1.4 மடங்காக நிலைபெற்றது.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் ஆங்கிலேய வானியல் அறிஞர் எடிங்டன் அம்முடிவைப் பகிரங்கமாக நிராகரித்தார். சந்திரசேகரோ விவாதத்தை வளர்க்காமல், தம் ஆராய்ச்சியை 1939-இல் நூலாக்கி வைத்துவிட்டு, நட்சத்திர மண்டலங்களின் இயக்கத்தை ஆராயப் புகுந்தார். கனத்த ஒரு நட்சத்திரம் மற்ற நட்சத்திரங்களினூடே செல்லும்போது, அதன் ஈர்ப்பினால் பாதை வளைந்தவை அதன் பின்புறத்தில் திரண்டு, அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைக்கின்றன என்று 1943-இல் நிறுவினார். சிறு மண்டலங்கள் பெரிய மண்டலங்களுக்குள் அடங்கிக் கலப்பதை இன்றும் இக்கணக்கைக் கொண்டே விளக்குகிறார்கள்.

இவ்விரு துறைகளும் பிற்காலத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. துணை நட்சத்திரத்தின் பொருளை ஈர்த்து ஈர்த்து வரம்பை நெருங்கும் வெண்குள்ளன், தன்னுள் இருக்கும் கரி எரியத் தொடங்கியதும் முழுவதுமாக வெடித்துச் சிதறுகிறது. இவ்வகை சூப்பர்நோவாக்களின் உச்ச ஒளி ஏறக்குறைய ஒரே அளவினதாகத் திருத்தி மதிப்பிடத் தக்கதாதலால், அவை தோன்றும் மண்டலங்களின் தூரத்தை அளக்க முடிகிறது. அவ்வாறு அளந்தே, பிரபஞ்சத்தின் விரிவு துரிதமாகி வருவதை 1998-இல் இரு ஆராய்ச்சிக் குழுக்கள் அறிவித்தன.

சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது. நம்மவர் பெற்றார் என்று நாம் பூரித்தோம். ஆயினும், அவருடைய சமன்பாடு ஒன்றையேனும் தமிழில் விளக்கிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வளரவில்லை என்பது என் ஆழ்ந்த விசாரம். புகழ்மாலை சூட்டுவது எளிது. ஒரு துறையில் ஆண்டுக்கணக்காக ஆழ்ந்து, கண்டதை ஒழுங்குபட எழுதி வைத்துவிட்டு, அடுத்த துறையில் மீண்டும் மாணவராக அமர்ந்த அவருடைய விரதத்தைப் பின்பற்றுவதே அரிது.

ஆகவே, இங்கே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளைஞர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: கேட்போருக்குக் கடினம் என்று கணக்கை மறைத்துவிடாதீர்கள், முடிவு எப்படிக் கிடைத்தது என்பதைப் படிப்படியாக நம் மொழியிலேயே எடுத்துரையுங்கள். விளங்காததை அவையோர் தயங்காமல் கேட்கட்டும். அத்தகைய கேள்விகளை எதிர்பார்த்து, இம்மாநாட்டை மகிழ்ச்சியுடன் தொடங்கி வைக்கிறேன்.