தோலறிவும் எந்திரக் கல்வியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலுவிழந்த கைகால்களுக்கு எந்திரத்தால் வலுவூட்டும் கல்வியைப் பற்றிச் சில கூற முன்வந்தோம். பக்கவாதத்தால் மடங்கிய கையை விரிப்பதும், தண்டுவடம் முறிந்தோரை எழுந்து நிற்கச் செய்வதும், ஆடைபோல் உடம்பில் அணியும் எந்திரங்களை ஆக்குவதும் இக்கல்வியின்பாற் படும். தோல் பதனிடுவோரும் செருப்புத் தைப்போரும் நிறைந்த நமக்கு இதனோடு யாது தொடர்பு எனின், அத்தொடர்பு நம் வேலூரிலேயே உளது.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரலும் பாதமும் அந்நோயால் தாமே அழுகி உதிர்வன என்றே மக்கள் நம்பியிருந்தனர். உணர்ச்சி அற்றமையால் அழுத்தமும் காயமும் அறியப்படாமற் போவதே சிதைவுக்குப் பெருங்காரணம் என்று அவர் காட்டினார். காரணம் அதுவாயின் மருந்தும் அதற்கேற்றதாதல் வேண்டுமன்றோ? அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் மிதியடி அவ்வழி வந்தது. செருப்பே மருந்தாயிற்று. நீரிழிவால் உணர்விழந்த பாதங்களையும் இன்று அந்நெறியே காக்கின்றது.

அக்கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தால் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அண்மையில் அக்கல்லூரியாரும் சென்னை ஐ.ஐ.டி.யாரும் கூடிப் 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சி எந்திரத்தை ஆக்கியுளர். ஒரே மோட்டாரில் பிடிகளை மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி தரலாம்.

இனி ஆராய வேண்டுவன யாவை? அணியும் எந்திரத்தின் மூட்டு மனிதன் மூட்டினின்று சற்றே விலகினும் பட்டை தோலை உராயும், புண் உண்டாகும். வேலூர்க் கோடையில் வியர்வை ஊறிய பட்டையை எத்தனை நாழிகை பொறுப்பர்? தரையில் அமர்ந்து உண்பார்க்கு முழங்கால் நன்கு மடங்க வேண்டும். விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். மோட்டாரும் கணக்கும் மட்டும் அறிந்தார் இவற்றைத் தீர்த்தல் அரிது. காலச்சின் வளைவறிந்து தோல் வெட்டுவாரும், எந்தத் தையல் காலைக் கடிக்கும் எனத் தடவியே அறிவாரும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் உளர். நம் வீடுகளிலேயே உளர்.

"தோலை விட்டு நீங்கவே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், மீண்டும் தோலா?" என்பர் சிலர். அவர்தம் மனப்புண்ணை யாம் அறிவோம். நாற்றம் என்று முகஞ்சுளித்தாரை நம் முன்னோர் எத்துணைப் பொறுத்தனர்! சுண்ணாம்புக் குழிக்குத் திரும்புமாறு யாம் சொல்லவில்லை. குழியில் நின்ற தந்தையின் கையறிவை மக்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்க என்கிறோம். அறிவைக் கைவிட்டு நாணத்தை மட்டும் காத்துவைத்தல் எவ்வாற்றான் தகும்?

அறிவியற் பாடம் பயின்றோர் செயற்கை உறுப்பும் தாங்குகருவியும் செய்யும் பட்டப்படிப்பையோ, இயன்முறை மருத்துவத்தையோ நாடலாம். எந்திரவியல் கற்றோர், 2022-இல் 'கதம்' என்னும் செயற்கை முழங்காலை வெளியிட்ட சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வு மாணவராக முயலலாம்.

நம் கல்வி நிதி இதுகாறும் டாக்டர் படிப்பையும் பொறியியலையுமே நோக்கியது. ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும், ஆணாயினும் பெண்ணாயினும், இத்துறைக்கென உதவித்தொகை ஒதுக்குமாறு வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டுகிறோம். நம் கையறிவு பிறர் நடக்க உதவுமாயின், அதனினும் பெரிய பெருமை நம் குலத்துக்கு வேறில்லை.