பிரயாணி விமானம் ராணுவத்திற்குச் சென்ற வரலாறு

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் கிராமச் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சாமான் வண்டியில் ஆட்களை ஏற்றுவது நாம் நாள்தோறும் காண்பதே. ஆட்கள் செல்லும் வண்டியைச் சாமான் வண்டியாக்குவதோ அவ்வளவு எளிதன்று. டக்ளஸ் டி.சி.-3 என்னும் ஆகாய விமானம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

அமெரிக்காவில் 1935-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி முதன்முதல் பறந்த இவ்விமானத்தில், பகற் பிரயாணமாக 21 பேர் சௌகரியமாய் அமர்ந்து செல்லலாம். 1941 டிசம்பரில் அந்நாடு யுத்தத்தில் இறங்கியதும், கம்பெனிகளிடமிருந்த விமானங்களில் பலவற்றையும், அவற்றிற்கெனத் தயாராகிக்கொண்டிருந்தவற்றையும் ராணுவத்தார் எடுத்துக்கொண்டனர்.

ஆசனங்களைக் கழற்றிவிட்டால் போதுமென்று தோன்றும். போதாது. பிரயாணிகளின் பாரம் தளமெங்கும் பரவி நிற்கும். ஜீப் வண்டியின் பாரமோ நான்கு சக்கரங்களின் கீழ் மட்டுமே அழுந்தும். ஆகையால் ராணுவத்திற்கென்று புதிதாய்ச் செய்தவற்றில் தளத்தைப் பலப்படுத்தினர். இடப்புறத்தில் அகலமான இரட்டைக் கதவு அமைத்தனர். சுவரோரம் மடக்கு பெஞ்சுகளைப் பொருத்தினர். இதற்கு ஸி-47 என்று பெயர். ஆங்கிலேயர் டகோட்டா என்றனர். 6,000 பவுண்டு, அதாவது 100 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 27 மூட்டை ஏற்றலாம். தரையில் வால் தாழ்ந்து நிற்குமாதலால், ஏற்றிய பாரத்தை மேட்டில் தள்ளுவதுபோல் முன்னே தள்ளவேண்டும். கிடங்கில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இச்சிரமம் விளங்கும்.

1942 மே மாதம் ஜப்பானியர் பர்மாவில் முன்னேறிய சமயம், சீனக் கம்பெனியொன்றின் டி.சி.-3 மியிட்கினாவில் இறங்கிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. விமானி மூன் சின் என்பவர். 21 பேருக்கான இடத்தில் ஏறக்குறைய 70 பேர் ஏறினர். டோக்கியோவில் குண்டுவீசிய டூலிட்டிலும் அவர்களில் ஒருவர். விமானத்தில் இடம் கிட்டாதவர்களோ லட்சக்கணக்கானோர். நம் தமிழர் உட்பட அவர்களிற் பலர் மலையும் காடும் கடந்து கால்நடையாய் வந்தனர். வழியிலேயே மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர்.

யுத்தம் முடிந்தபின், மிகுதியான டகோட்டாக்களை இந்தியக் கம்பெனிகள் வாங்கி, மீண்டும் பிரயாணிகளை ஏற்றின. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1947 அக்டோபரில் காஷ்மீரத்திற்குப் படையனுப்ப வேண்டியபோது, ராணுவ விமானங்களோடு அக்கம்பெனிகளின் விமானங்களும் அழைக்கப்பட்டன. 27-ந் தேதி அதிகாலையில் சீக்கிய ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தார் டெல்லியிலிருந்து புறப்பட்டனர். ஸ்ரீநகர் விமானத்தளம் யார் கையில் உள்ளதென்று டெல்லியில் நிச்சயமாய்த் தெரியாது. முதலில் மேலே வட்டமிட்டுப் பார்க்கவேண்டும், பகைவர் பிடித்திருந்தால் இறங்கலாகாது என்று உத்தரவு. வட்டமிட்டுப் பார்த்தனர், தளம் காலியாயிருந்தது, இறங்கினர்.