இரண்டாவது கேள்வி

இந்தியாவில் சட்டமன்றம் என்று சொல்லத்தக்க ஓர் அவையில் அரசைப் பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி, கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றியது. 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டம் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிங்கா ராஜா உதய் பிரதாப் சிங் அந்த உரிமையைப் பயன்படுத்தினார். அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது அவர்களுக்குச் சாமான் கொடுக்கும் சுமை ஊர்க் கடைக்காரர்கள் தலையில் விழுகிறதே, அந்தக் கஷ்டத்தை அரசு கவனிக்குமா என்பதுதான் விஷயம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வியும் கிட்டத்தட்ட இதே வகைதான். 1721இல் தென்கடல் கம்பெனி சரிந்து ஊரே பணத்தைப் பறிகொடுத்து நின்றபோது, அதன் காசாளர் ராபர்ட் நைட் வெளிநாட்டுக்கு ஓடிப்போய்விட்டாராமே, பிடிபட்டாரா என்று கௌப்பர் பிரபு கேட்டார். இரண்டு இடத்திலும் கேள்வி பணத்திலிருந்துதான் தொடங்கியது.

ஆனால் பிங்கா ராஜாவால் ஒன்று மட்டும் முடியாது. அரசு பதிலைப் படித்துவிட்டால் அதோடு சரி, மேலே ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. 1909இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் வந்த பிறகுதான் கேள்வி கேட்டவரே எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம் என்பது அதற்கும் பின்னால் வந்தது. இன்று நான் பேசப்போவது இந்தத் துணைக் கேள்வியைப் பற்றி. அரசின் கொள்கைக்கும் செலவுக்கும் ஓர் அமைச்சரைப் பதில் சொல்லவைப்பது இந்த இரண்டாவது கேள்விதான். தமிழ்நாட்டில் அதை வேறு காரியத்துக்குச் செலவழித்துப் பழகிவிட்டோம் என்பது என் வாதம்.

முதல் கேள்விக்கான பதில் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இது விளங்கும். மக்களவையில் கேள்விக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி துறைக்குப் போகிறது, பிரிவு அலுவலர் மேசைக்கு வருகிறது, மாவட்டத்துக்குத் தகவல் கேட்டுப் போகிறது, வரைவு தயாராகி, மேலே ஒவ்வொருவராகத் திருத்தி, கடைசியில் அமைச்சர் கைக்கு வருகிறது. அத்தனை பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது ஒன்றே ஒன்று: பதிலில் பொய் இருக்கக்கூடாது, ஆனால் வம்பும் வந்துவிடக்கூடாது. அமைச்சர் அதை அப்படியே படிக்கலாம். துணைக் கேள்வி அப்படியல்ல. அதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில் கிடையாது. அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வந்து சேர்வதற்குள் அமைச்சர் வாய் திறந்தாக வேண்டும். துறையில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியுமா, தெரியாதா என்பது அந்த அரை நிமிஷத்தில் அவைக்குத் தெரிந்துவிடும். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போய் டெல்லி மத்திய சட்டசபையில் உட்கார்ந்த தீரர் சத்தியமூர்த்தி பேர் வாங்கியது இங்கேதான். மேடைப் பேச்சு அவருக்குக் கைவந்த கலை. ஆனாலும் பிரிட்டிஷ் அரசின் உறுப்பினர்கள் அஞ்சியது அவருடைய துணைக் கேள்விகளைத்தான்.

சுதந்திர இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் முந்த்ரா விவகாரம். அதில் நம் சென்னைக்காரர் ஒருவர் பதவி இழந்தார் என்பதால் நமக்குக் கூடுதல் அக்கறையும் உண்டு. 1956இல் 245 இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை, அதாவது எல்.ஐ.சி.யை, அரசு உண்டாக்கியது. ஓராண்டு முடிவதற்குள், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி போட்டார். கிடைத்த பதிலில் விஷயம் வெளிவரவில்லை. நவம்பரில் மறுபடி கேள்வி வந்தது, துணைக் கேள்விகள் வந்தன. டிசம்பர் 16ஆம் தேதி ஃபெரோஸ் காந்தி எழுந்து, கையில் விவரங்களோடு, ஒவ்வொரு பங்காகக் கணக்குக் கேட்டார். அதற்கு மேல் மூடி மறைக்க வழியில்லாமல் போயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனிநபர் கமிஷனாக வெளிப்படையாக விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டவேண்டியிருந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இது செயலாளர் செய்த காரியம் என்று ஒதுங்கப் பார்த்தார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. ராம் சுபக் சிங், ஃபெரோஸ் காந்தி இருவருமே ஆளுங்கட்சியான காங்கிரசைச் சேர்ந்தவர்கள். அதிலும் ஃபெரோஸ் காந்தி பிரதமர் நேருவின் மருமகன். ஆளுங்கட்சி உறுப்பினருக்கு வாய்ப்பூட்டுப் போட்டாயிற்று, கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985க்குப் பிறகு யாரால் கேட்க முடியும் என்று இன்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அவைக்குள் அந்தச் சட்டம் பிடிப்பது வாக்கை. தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோதான் பதவிக்கு ஆபத்து. கேள்வி கேட்பதற்கு வாக்கெடுப்பு கிடையாது. கேட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது என்பது வேறு விஷயம். அது சட்டத்தின் தடை அல்ல, கட்சியின் பழக்கம். பழக்கத்தைச் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

இனி நம் பேரவைக்கு வருவோம். காலையில் கேள்வி நேரம் தொடங்குகிறது. 2022 ஜனவரி முதல் அது நேரலையில் வருவதால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் உறுப்பினரின் கேள்விக்கு அமைச்சர் பதில் படிக்கிறார். துணைக் கேள்விக்கு வாய்ப்புக் கிடைத்ததும் உறுப்பினர் எழுகிறார். பேரவைத் தலைவருக்கு நன்றி, கட்சித் தலைவருக்கு வணக்கம், அமைச்சருக்குப் பாராட்டு, பிறகு தன் தொகுதியில் இன்ன ஊரில் பாலம் கட்ட, பேருந்து நிலையம் அமைக்க, பள்ளியைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா என்று கேட்கிறார். நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும் என்று பதில் வருகிறது. அடுத்த உறுப்பினர். இரண்டாவது கேள்வி என்ற அந்தக் கூர்மையான கருவி இங்கே மனுவாக மாறிவிடுகிறது. மனுக் கொடுப்பவர் கணக்குக் கேட்க மாட்டார். கணக்குக் கேட்டால் மனு நடக்காது என்ற பயம் இருவருக்கும் பொதுவானது.

இதன் விளைவு எங்கே தெரிகிறது என்றால், பேரவை விதிகளில் 110ஆம் விதியில். அந்த விதியின்கீழ் அறிக்கை படித்தால் அதன்மேல் அப்போது விவாதம் கிடையாது. முதலமைச்சர்கள் பல கோடி ரூபாய்த் திட்டங்களை இப்படித்தான் அவையில் அறிவித்து வந்திருக்கிறார்கள். ஜெயலலிதா காலத்தில் இது அன்றாட நிகழ்ச்சி போல் ஆயிற்று. அவருக்குப் பின்னும் நிற்கவில்லை. அறிவிப்பு வந்ததும் மேசை தட்டும் ஒலி. மறுநாள் நாளிதழ்களில் முதல் பக்கம். அந்த அறிவிப்புக்கு நிர்வாக அனுமதி எப்போது கிடைத்தது, எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, திருத்திய மதிப்பீட்டில் ஏன் குறைந்தது என்பதெல்லாம் இரண்டாண்டு கழித்துக் கேள்வி நேரத்தில் வரவேண்டியவை. முன்வருமா என்ற கேள்வி வரிசை கட்டி நிற்கையில், என்னவாயிற்று என்ற கேள்விக்கு இடமிருப்பதில்லை. துறைகளின் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் இதே நிலைதான். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் கொடுக்கிறது. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவர விதி இடம் தருகிறது. புத்தகத்தைப் புரட்டி, போன ஆண்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிக் கேள்வி கிடைத்துவிடும். டெல்லியிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2018 மார்ச் 14 அன்று மக்களவை, அமளிக்கு நடுவே, எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். அப்போதும் எழுத்து மூலமான கேள்விகளுக்குப் பதில் வந்தது. போனது துணைக் கேள்விதான். அரசுக்கு எது இடைஞ்சல் என்று அதிலிருந்தே தெரிகிறது.

தொகுதிக்குப் பாலம் கேட்காத எம்.எல்.ஏ.வை ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயில்வே கேட் முன்னால் நிற்பவருக்குக் கொள்கை முக்கியமில்லை, கேட் திறப்பதுதான் முக்கியம். ஆனால் மேம்பாலம் வராமல் இருப்பதற்கு யாரும் கேட்கவில்லை என்பது அநேகமாகக் காரணமாக இருப்பதில்லை. நிலம் எடுப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது, ரயில்வேயின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு, யார் பணம் வரவில்லை என்பதில்தான் அது மாட்டிக்கொண்டிருக்கும். முன்வருமா என்று கேட்டால் பரிசீலனை என்ற பதிலோடு திரும்பலாம். எந்த மாதத்திலிருந்து எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டால் அமைச்சர் ஒரு தேதியைச் சொல்லவேண்டி வரும். கணக்குக் கேட்பதுதான் பாலத்துக்கும் குறுக்கு வழி.

தணிக்கைத் துறைத் தலைவர் இருக்கிறார், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பேரவையில் கத்துவது எதற்கு என்றும் சிலர் சொல்வதுண்டு. தணிக்கை அறிக்கை, செலவாகி முடிந்து ஆண்டுகள் கழித்து வருகிறது. பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் அவையில் வைக்கப்படுகிறது. மறுநாள் கேட்க அவை இருக்காது. பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து ஆராயும். அந்தக் குழு நாடாளுமன்றத்தில் எவ்வளவு மதிப்போடு இயங்க முடியும் என்பதற்கு 1971 முதல் 1973 வரை தலைவராக இருந்த இரா. செழியன் நம்மவர்களில் சான்று. ஆனாலும் அது மூடிய அறைக்குள் அதிகாரிகளைக் கேட்கிறது, அமைச்சரை அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கிடைக்கும். ஏன் என்று கேட்டால் பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை. இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று, எடுத்தவரையே நேருக்கு நேர், எல்லோர் முன்னிலையிலும் கேட்கிற இடம் அவை ஒன்றுதான். மற்ற மூன்றும் அந்தக் கேள்விக்குச் சரக்குக் கொடுக்கும்.

கேள்வியையே விலைக்கு விற்றார்களே என்று 2005ஐ நினைவூட்டுபவர்களும் இருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டது ரகசியக் கேமராவில் பதிவாகி, அந்த டிசம்பரில் பதினொரு எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெட்கக்கேடுதான். கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் அதற்கு விலை கொடுக்க ஆள் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமைச்சர் நழுவினால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்ற ஒரு வரியில் யாரும் தப்பிக்கலாம். அதற்கும் விதிகளில் வழி வைத்திருக்கிறார்கள். அவையில் அமைச்சர் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழு உண்டு. தமிழ்நாட்டுப் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாவட்டம் மாவட்டமாகப் போய் நேரில் ஆய்வு செய்கிறது. ஆனால் உறுதிமொழி இருந்தால்தானே குழு அதைத் துரத்த முடியும்? பரிசீலிக்கப்படும் என்பதில் தேதியும் இல்லை, தொகையும் இல்லை. தெளிவான உறுதிமொழியை அமைச்சரிடமிருந்து வாங்குவதும் அந்த இரண்டாவது கேள்வியின் வேலைதான்.

திருத்தணி, மணவூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணிக்கான கேள்விகள் கர்னூலுக்குப் போயின, 1956க்குப் பிறகு ஹைதராபாத்துக்கு. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 முதல் அந்தக் கேள்விகள் சென்னைக்கு வந்தன. எந்த அவையில் நம் குரல் ஒலிக்கவேண்டும் என்பதற்காகச் சிறை சென்றவர்களின் மண் இது. அதே ஆண்டுகளில் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், குடியரசுத் துணைத் தலைவராக, 1952 முதல் 1962 வரை மாநிலங்களவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பண மசோதாவைத் தடுக்க அந்த அவைக்கு அதிகாரம் இல்லை. பதினான்கு நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனால் செலவைப் பற்றிக் கேள்வி கேட்க அதற்குத் தடையில்லை.

கணக்குக் கேட்கும் பழக்கம் நம் ஊரிலேயே உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படும். வாசித்து முடித்ததும் எழுந்து ஒரு விவரம் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் ஓரிருவர் உண்டு. சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போதும் அவர்கள் அதே பழக்கத்தோடு போகலாம். சாலை வேண்டும், குடிநீர் வேண்டும் என்ற மனுவோடு இன்னொரு தாளையும் கொடுக்கலாம். எந்த ஆண்டு அறிவிப்பு, அரசாணை எண் என்ன, அதற்குச் சொன்ன தொகை எவ்வளவு என்று மூன்று வரி எழுதி, பேரவையில் இதற்குப் பதில் வாங்கித் தாருங்கள் என்று கேட்கலாம்.