வயசானா அப்படித்தானா?

(‘நலமாக நீடு வாழத் துணை நிற்பது முன்னோர் வாழ்க்கை முறையா? இன்றைய மருத்துவ ஆராய்ச்சியா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘மருத்துவ ஆராய்ச்சியே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

தராசு முள்ளைப்போல் நடுவிலே வீற்றிருக்கும் நடுவர் அவர்களே! எதிரணியில் கம்பையும் கேழ்வரகையும் ஆயுதமாக ஏந்தி வந்திருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்த அரங்கிலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரொம்ப உருக்கமாகப் பேசினார். “எங்க தாத்தா தொண்ணூத்தெட்டு வயசு வரைக்கும் வாழ்ந்தாரு. ஒரு மாத்திரை போட்டதில்லை. ஒரு ஊசி குத்தினதில்லை. காலையிலே கம்பங்கூழ், ராத்திரி களி” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தொண்ணூற்றெட்டு வயது வாழ்ந்தவரை வணங்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அய்யா, ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாத்தாவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அதிலே எத்தனை பேர் ஐந்து வயதைத் தாண்டினார்கள்? அதே கம்பங்கூழைத்தானே எல்லாரும் குடித்தார்கள்? அம்மைக்குப் போனது எத்தனை, காலராவுக்குப் போனது எத்தனை, பிரசவத்திலே தாயோடு போனது எத்தனை? பிழைத்த ஒருவர் திண்ணையிலே உட்கார்ந்து கதை சொல்வார். போன ஏழு பேர் கதை சொல்ல எந்தத் திண்ணைக்கு வருவார்கள்? (கைதட்டல்)

1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது ஓர் இந்தியனின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. இன்றைக்கு அது எழுபதைத் தொட்டிருக்கிறது. இது கூழாலே வந்ததா? தடுப்பூசியாலே வந்தது, நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தாலே வந்தது, நல்ல தண்ணீராலே வந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்தால் காலரா வராது என்று கண்டுபிடித்ததும் ஆராய்ச்சிதானே?

“சரிய்யா, நடந்தால் நல்லதில்லையா? உடம்பு வளைந்து வேலை செய்தால் நல்லதில்லையா? அது முன்னோர் சொன்னதில்லையா?” என்று அடுத்த நண்பர் கேட்டார். நல்லதுதான். மறுக்கவே இல்லை. ஆனால் எவ்வளவு நல்லது, யாருக்கு நல்லது என்று அளந்து காட்டியது யார்?

லண்டன் மாநகரத்திலே ஜெரி மாரிஸ் என்று ஒரு மருத்துவர். அந்த ஊர் மாடி பஸ்ஸிலே டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குகிறார். ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே புகை. சுமார் 31 ஆயிரம் போக்குவரத்துத் தொழிலாளர்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், படியேறிய கண்டக்டர்களுக்குக் குறைவு! 1953-இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழிலே வெளியிட்டார். ‘உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும்’ என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் பெரிய சான்று அது. மாரிஸ் என்ன ஆனார் தெரியுமா? 2009-இல் இறந்தபோது அவருக்கு வயது 99! நண்பரே, உங்கள் தாத்தாவைவிட ஒரு வயது கூட! (சிரிப்பு, கைதட்டல்)

ஆக, உங்கள் ‘நடை’க்குச் சான்றிதழ் கொடுத்ததே எங்கள் ஆராய்ச்சிதான்.

அய்யா, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம வீடுகளிலே வயதானவர்களைப் பார்த்து நாம் சொல்கிற வார்த்தைகளிலேயே ரொம்பக் கொடுமையான வார்த்தை எது? திட்டுகூட இல்லை. “வயசாயிடுச்சில்ல, அப்படித்தான்” என்பதுதான். முட்டி வலிக்குதுப்பா – வயசானா அப்படித்தான். கண்ணு மங்குதும்மா – வயசானா அப்படித்தான். ஞாபகம் நிக்க மாட்டேங்குது – வயசானா அப்படித்தான். கேட்கிறவர் அதற்குமேல் என்ன பேசுவார்? வாயை மூடிக்கொண்டு மூலையிலே உட்கார்ந்துவிடுவார். ஆராய்ச்சி என்பது, “ஏன் அப்படித்தான்?” என்று ஒருவன் திருப்பிக் கேட்கிற இடத்திலே பிறக்கிறது.

கண்ணையே எடுத்துக்கொள்வோம். கண்புரை. அந்தக் காலத்திலே புரை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை எடுத்துவிடுவார்கள். பிறகு? சோடாபுட்டிக் கண்ணாடி! அது உடைந்தால் பார்வையும் உடைந்தது. ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர் இரண்டாம் உலகப் போரிலே அடிபட்ட விமானிகளைப் பார்த்தார். விமானத்தின் மேல்மூடி உடைந்து, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணுக்குள் போய்த் தங்கியிருக்கின்றன. வெளிப்பொருள் உள்ளே போனால் கண் சிவக்க வேண்டும், சீழ் பிடிக்க வேண்டும். ஆனால் இந்தத் துணுக்குகளைக் கண் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா ஏற்றுக்கொண்டது!

அப்படியானால் அதே பொருளிலே லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன? 1949 நவம்பரிலே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்தே விட்டார். பாராட்டினார்களா? கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதுதான் வைத்தியம், புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதா என்று சக மருத்துவர்களே பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். அந்த மனிதர் காத்திருந்தார். எவ்வளவு காலம்? முதுமையிலே அவர் கண்ணிலேயே புரை விழுந்து, அவர் கண்டுபிடித்த லென்ஸை அவர் கண்ணிலேயே வைக்கிற காலம் வரைக்கும்! 2000-இல் அரசாங்கம் ‘சர்’ பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு 94 வயதில் மறைந்தார், தெளிந்த பார்வையோடு. (கைதட்டல்)

அந்த லென்ஸ் நம்ம ஊருக்கு எப்படி வந்தது? டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை செய்தவர். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நாமெல்லாம் ஓய்வு பெற்றால் ஈஸிசேர் வாங்குவோம்! வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையிலே இருந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, அதிலே ஒரு சிறு பங்கு விலைக்கு லென்ஸ் செய்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து பொருள்கள் போகின்றன. ‘வயசானா அப்படித்தான்’ என்று அந்தப் பெரியவர் விட்டிருந்தால், நம்ம கிராமத்துப் பாட்டி பேரன் முகத்தைத் தடவித்தானே பார்த்துக்கொண்டிருப்பாள்?

“அதெல்லாம் ஒவ்வொரு நோய்க்கு வைத்தியம். முதுமையையே உங்களாலே தொட முடியுமா?” என்று எதிரணிச் சகோதரி சவால் விட்டார். தொட ஆரம்பித்திருக்கிறோம் அம்மா. நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

பசிபிக் கடலிலே ஈஸ்டர் தீவு. அந்த மக்கள் மொழியிலே ராப்பா நூயி. 1964-இல் கனடாவிலிருந்து போன ஒரு மருத்துவக் குழு அங்கிருந்து மண் எடுத்து வந்தது. மான்ட்ரியலிலே ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகம். அங்கே சுரேந்திரநாத் சேகல், காசி இந்து பல்கலைக்கழகத்திலே படித்த நம்ம ஆள். மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1972-இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயராலே ராப்பமைசின் என்று பெயர் வைத்தார்கள். பத்தாண்டு கழித்துக் கம்பெனி அந்த ஆய்வகத்தையே மூடிவிட்டது. மருந்தைத் தூக்கி எறிய மனசு வருமா? வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரிலே ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலே ஒளித்து வைத்தார். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜாக இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை சுத்தம் பண்ணும்போது அது குப்பையிலே போயிருக்கும்! (சிரிப்பு) அவர் வீட்டிலே பிழைத்தது. 1999-இல் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு மருந்தாக அமெரிக்காவிலே அனுமதி பெற்றது.

அப்புறம்தான் ஆச்சரியம். 2009-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள், மனிதக் கணக்கிலே அறுபது வயது என்று சொல்லத்தக்க கிழட்டு எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தன. ஆயுள் கூடியது. பெண் எலிக்கு 14 சதவீதம், ஆண் எலிக்கு 9 சதவீதம். எலியிலேகூட நமக்கு வாய்த்தது அவ்வளவுதான்! (சிரிப்பு)

இது எப்படி வேலை செய்கிறது? நம் உயிரணுவுக்குள்ளே ஒரு சுவிட்சு இருக்கிறது. சோறு நிறைய வந்தால் ‘வளர், வளர்’ என்று உத்தரவு போடும். சோறு குறைந்தால் ‘வளர்ந்தது போதும், வீட்டைச் சுத்தம் பண்ணு’ என்று சொல்லும். உயிரணு தன் பழைய குப்பையைத் தானே எடுத்து அழிக்கும். நம்ம போகிப் பண்டிகை மாதிரி! இந்தப் போகி எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு ஜப்பானியர் ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு. ராப்பமைசின் அந்த வளர்ச்சிச் சுவிட்சைத் தணிக்கிறது.

உடனே யாரும் மருந்துக்கடைக்குப் போய், “அந்தப் பட்டிமன்ற மாத்திரை ஒரு அட்டை குடுங்க” என்று கேட்டுவிடாதீர்கள். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடிய மருந்து. மனிதனுக்கு ஆயுளை நீட்டும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ‘நிரூபிக்கவில்லை’ என்று சொல்கிற நேர்மைதான் அய்யா ஆராய்ச்சி. ‘நாற்பதே நாளில் இளமை’ என்று சுவரிலே எழுதுகிறவனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் அதுதான் வித்தியாசம். வள்ளுவரும் மருந்து அதிகாரத்திலே, நோய் எது, அதன் வேர் எது, தணிக்கும் வழி எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தானே கைவைக்கச் சொல்கிறார்?

கடைசியாக ஒன்று. சிரிக்காமல் கேட்க வேண்டிய ஒன்று.

பல வீடுகளிலே இது நடக்கிறது. எழுபது வயது அம்மா. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவுடனே, “எனக்குச் சோறே போடலை” என்று பக்கத்து வீட்டிலே போய்ச் சொல்கிறாள். மருமகளுக்கு அவமானம், மகனுக்குக் கோபம். “கிழவிக்குக் கொழுப்பு, வேணும்னே பண்ணுது” என்கிறோம். எத்தனை வீட்டிலே இதனாலே அம்மாவை அடித்திருக்கிறார்கள்!

1901-இல் ஜெர்மனியில் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். கணவன் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொல்கிறாள். என்னையே நான் தொலைத்துவிட்டேன் என்கிறாள். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் ‘பைத்தியம்’ என்று ஒதுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி வைத்தார். அவள் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியிலே பார்த்து, அங்கே படிந்த படிவுகளையும் சிக்கிக்கொண்ட இழைகளையும் 1906-இல் உலகத்துக்குச் சொன்னார். அன்றைக்குத்தான் தெரிந்தது: இது குணக்கேடு இல்லை, நோய்!

நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று, இன்னும் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 2023-இல் அமெரிக்காவிலே முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் என்ற மருந்து, தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, ஒன்றரை ஆண்டுச் சோதனையிலே நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, குறைத்தது. மூளையிலே வீக்கம், கசிவு என்ற ஆபத்தும் உண்டு. “இவ்வளவுதானா?” என்பீர்கள். பிள்ளையின் பெயர் இன்னும் சில மாதம் அம்மாவின் நாக்கிலே நிற்கும் என்றால், அந்தச் சில மாதத்துக்கு என்ன விலை என்று அந்த அம்மாவின் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். (நீண்ட கைதட்டல்)

அந்த மருந்து நம் வீட்டுக்கு வருகிறவரைக்கும் ஆராய்ச்சி நமக்கு ஒன்றுமே தரவில்லையா? தந்திருக்கிறது. ‘இது நோய்’ என்ற அறிவைத் தந்திருக்கிறது. அந்த அறிவு வந்துவிட்டால் ஓங்கிய கை இறங்கும். மருந்து, மருத்துவர், நோயாளி, பக்கத்திலிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு பங்கு சொன்னார் வள்ளுவர். மூன்று பங்கை ஆய்வுக்கூடமும் ஆஸ்பத்திரியும் பார்த்துக்கொள்ளும். நான்காவது பங்கு நாமல்லவா?

நாங்கள் சாகா வரம் கேட்கவில்லை. மகனுடைய இளமையை வாங்கி அனுபவித்த யயாதியே, ஆசை தீரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். நாங்கள் கேட்பது இருக்கிற நாள் வரைக்கும் கண் தெரிய வேண்டும், கால் நடக்க வேண்டும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதியமான் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். கனி ஒன்றே ஒன்று, அதனாலே கொடை பெரிதாயிற்று. ஆராய்ச்சி என்ன செய்கிறது தெரியுமா? அந்த ஒற்றைக் கனியை மரமாக்கி, எல்லார் வீட்டுக் கொல்லையிலும் நடப் பார்க்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, கூழ் குடிப்போம், நடப்போம், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கூழும் நடையும் கைவிட்ட இடத்திலே ஓர் உயிர் “ஏன் இப்படி?” என்று கேட்கிறபோது, பதில் தேடி ஓடுகிறவன் ஆராய்ச்சியாளன் ஒருவனே. இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் “இங்கே வலிக்குது” என்றால், “வயசானா அப்படித்தான்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வாங்க, டாக்டரைப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மாறினால் எங்கள் அணி இப்போதே வென்றது என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.