அடுத்தவர் மேடைக்கு முன்னால் அமருங்கள்



இந்தப் பருவத்தில் பேராதனை வளாகத்தில் நடக்கவிருப்பவற்றுக்கு உங்களை அழைக்கும் பொறுப்பைத் தமிழ்ச்சங்கத்தார் என்னிடம் தந்திருக்கிறார்கள். ஆய்வரங்கு, விவாதப் போட்டி, இரத்ததான முகாம், திறந்தவெளி அரங்கில் சிங்கள நாடகங்கள், சங்கத்தின் 'இளங்கதிர்' இதழ் வெளியீடு, நமது கூத்து. நாளும் நேரமும் விடுதிகளில் ஒட்டியிருக்கிறார்கள், படித்துக்கொள்வீர்கள். எனக்கொரு குறை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ பீடத்து விழாவுக்கு மருத்துவ மாணவர் போகிறார். தமிழ் விழாவுக்குத் தமிழர், சிங்கள நாடகத்துக்குச் சிங்களவர். நடத்துகிறவரின் கூட்டாளிகளே பார்வையாளர். இந்த வளாகத்துக்கு இது அழகல்ல.

இங்கே ஒரு காலத்தில் அப்படியிருக்கவில்லை. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அவர் கையில் எடுத்த 'நாடகம' என்ற வடிவம் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கியது. தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. 1961இல் அவருடைய 'சிங்கபாகு', இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் நம் திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டது. தமிழ்த்துறையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். அடுத்த ஆண்டே அவர் மேடையேற்றிய 'கர்ணன் போர்' கூத்து வந்தது. சில ஆண்டுகளில் 'இராவணேசன்'. மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த மாணவர் மௌனகுரு இராவணனாக ஆடினார்.

ஊர்க் கூத்தை இப்படி மேடைக்குக் கொண்டுவருவது இலேசான வேலையா? ஊரில் கூத்து வட்டக்களரியில் நடக்கும். நாலு பக்கமும் சனம். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் களரியிலேயே நின்று மத்தளம் தட்டுவார். விடிய விடிய ஆட்டம். இங்கோ ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடை, ஓரிரு மணி நேரம். சுற்றி வந்து ஆடியவன் இனி எந்தப் பக்கம் முகம் காட்டுவான்? எந்த விருத்தத்தை வைப்பது, எதை விடுவது? கூத்தை வெட்டிவிட்டார்கள் என்று குறைப்பட்டோர் உண்டு. முழு இரவும் களரியோரம் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் வித்தியானந்தன் துணிந்திராவிட்டால், கூத்து நகரத்து மேடையை எட்ட இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ தெரியாது.

தமிழ்க் கூத்து சிங்கள நாடகத்துக்குள் போயிற்று. சிங்கள நாடகம் தமிழ் ஆசிரியருக்குத் தைரியம் கொடுத்தது. எல்லாம் ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததால் நடந்தது.

ஆய்வரங்கைப் பற்றி ஒரு சொல். தன் கட்டுரையை வாசித்துவிட்டுத் தேநீருக்கு எழும்பிப் போகிறவர்கள், அடுத்தவர் வாசிப்பதையும் இருந்து கேளுங்கள். இரத்ததானம் செய்ய 18 வயதும் 50 கிலோ எடையும் வேண்டும். வெறும் வயிற்றோடு வராதீர்கள். மயங்கி விழுந்தால் நண்பர்கள் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

திறந்தவெளி அரங்குக்குக் குடை கொண்டு போங்கள், ஹந்தானை மழையை நம்பமுடியாது. ஆட்டம் நடக்கும்போது மட்டும் விரிக்க வேண்டாம், பின்னால் இருப்பவரும் பார்க்கத்தான் வந்திருக்கிறார். மொழி விளங்கவில்லையென்றால் பக்கத்திலிருக்கும் சிங்கள மாணவரிடம் கதையைக் கேளுங்கள். நமது கூத்துக்கு அவரைக் கையோடு அழைத்து வாருங்கள். அன்று கதை சொல்வது உங்கள் முறை.

கடைசியாக முதலாம் வருடத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கூத்துப் பயிற்சிக்கு ஆட்கள் போதாது. ஆடத் தெரியாது, பாட வராது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். எந்தப் பீடமானாலும் பரவாயில்லை, பெயரைக் கொடுங்கள். சதங்கை நாங்கள் தருகிறோம்.