பெயர் மறைத்துக் கேட்டல்



இசை கேட்பதில் இருவகை உண்டு. பாடுபவர் இன்னார் என அறிந்து கேட்பது ஒன்று. அறியாமலே கேட்பது மற்றொன்று. நாம் பெரும்பாலும் முதல்வகையாகவே கேட்கிறோம். வானொலியில் அறிவிப்பாளர் பெயரைச் சொல்லிவிடுகிறார். சபையில் ஆளையே காண்கிறோம். கைபேசியில் பாட்டைத் தொடுமுன்பே படமும் பெயரும் வந்து நிற்கின்றன. பெயர் வந்ததும் மதிப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதன்பின் காதுக்கு வேலை குறைவு. இரண்டாம் வகையைப் பற்றி, பிச்சாட்டூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் கற்றதைக் கொண்டு இன்று சில கூறலாம் என்று எண்ணுகிறோம்.

பிச்சாட்டூர் ஆரணியாற்று அணையை அடுத்த ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022ஆம் ஆண்டுமுதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஊத்துக்கோட்டை வழியே சென்றால் சில மணி நேரத்தில் சென்னை. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் இங்கே பலர். பிற்காலத்தில் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகிப் பிழைப்பதற்கு வேண்டிய பயிற்சி நமக்கு இவ்வூர்த் தெருவிலேயே கிடைத்தது எனலாம்.

அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அவர் தந்தையார் காலத்துக் கிராமபோனும், நாற்பதுக்குக் குறையாத அரக்குத் தட்டுகளும் இருந்தன. பரண் ஒழுகியதில் பல தட்டுகளின் நடுவே ஒட்டியிருந்த அச்சுத்தாள் கரைந்துபோயிற்று. பாட்டு இருக்கிறது, பாடியவர் யார் என்பது போய்விட்டது. பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர் நால்வரும் நாமும் அந்தத் திண்ணையில் சுவரைப் பார்த்து அமர்வோம். ஆசிரியர் பின்னால் தட்டைச் சுழலவிடுவார். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. காரணமும் சொல்ல வேண்டும். இதுவே விதி.

குரல்தான் முதல் அடையாளம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அனுபவம் அப்படி இல்லை. குரல் ஏமாற்றும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலவேண்டிய தட்டு, சாவி தளர்ந்து 70 சுற்றாகிவிட்டால் சுருதி ஏறத்தாழ ஒரு கட்டை இறங்கிவிடும். ஒருமுறை ஆசிரியர் சாவி கொடுக்க மறந்துவிட்டார். யாரோ ஒரு சோர்ந்த நாடக நடிகர் என்று ஐவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தோம். சாவி கொடுத்ததும் குரல் மேலேறியது; பாடியவர் எஸ். ஜி. கிட்டப்பா! 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்த அம்மேதையின் உச்சக் குரலை அறியாத தமிழர் யார் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நாம்தாம்.

ஆகவே வேறு அடையாளங்களைத் தேடக் கற்றோம். மதுரை மணி ஐயரைச் சுரம் கோக்கும் போக்கில் கண்டுகொள்ளலாம். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகா எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் அத்தனை பேர் இருந்ததால், இது ஜி. என். பி.தானா, அவர் வழியில் வந்தவரா என்ற வழக்கு ஒருநாள் மாலை முழுதும் நடந்தது. சில வேளைகளில் பாடகரை விட்டுவிட்டு மிருதங்கத்தைக் கவனிப்போம். பாலக்காடு மணி ஐயரின் சாப்பு கேட்டுவிட்டால் தட்டின் காலமாவது ஓரளவு பிடிபடும். மிருதங்கமே சரியாகக் கேளாவிட்டால், ஒலிவாங்கி வருமுன் குழாயின் எதிரே நின்று பாடிப் பதிந்த காலத்துத் தட்டோ என்று ஐயுறுவோம்.

மிகப் பழைய தட்டுகளில் விடையும் தட்டிலேயே இருக்கும். 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்கிறார். அக்காலத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று அச்சாகி வந்தன; அங்குள்ளோருக்கு எது யார் பாட்டு என்று தெரியவேண்டும். வழக்கம் பரவியது. நம் பக்கத்துத் தட்டுகளிலும் அக்குரலைக் கேட்கலாம்.

இனி நம் தோல்வியைச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஆசிரியர் கிராமபோனை மூடிவிட்டு, ஒலிநாடாவில் ஒரு நாகசுர ஆலாபனையை வைத்தார். இராகத்தை எல்லோரும் கண்டுகொண்டோம். நீண்ட மூச்சு, அவசரமில்லாத வளர்ச்சி, குழைவான கமகம். நாம் முந்திக்கொண்டோம். “இது தஞ்சை மண்ணில் பிறந்தவர் வாசிப்பு. காவிரித் தண்ணீர் குடித்து வளராமல் இந்த நாதம் வராது. நம் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இது கைகூடாது” என்றோம். பக்கத்தில் தெலுங்கரான பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அதை நினைத்துப் பார்க்கவில்லை. அவர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, ஊரைக் கேட்கவில்லையே, வாசிப்பைத்தானே கேட்டார்கள்” என்றார்.

வாசித்தவர் ஷேக் சின்ன மௌலானா. 1924இல் ஆந்திரப் பகுதியில் கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சைப் பாணியில் மனத்தைப் பறிகொடுத்து, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் காது பொய் சொல்லவில்லை. தஞ்சை வழி என்று அது கேட்டது சரியே. அந்த வழியைப் பிறப்போடும் தண்ணீரோடும் முடிச்சுப் போட்டது காதன்று, நாம்.

இதே சறுக்கல் நம்மினும் பெரியவர் ஒருவருக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையில் இவ்விளையாட்டு ஒரு பத்திரிகைப் பகுதியாகவே நடந்தது. லெனார்ட் ஃபெதர் என்ற விமரிசகர் 1946இல் மெட்ரோனோம் பத்திரிகையில் ‘கண்கட்டுச் சோதனை’ என அதைத் தொடங்கினார். பின்னர் டௌன்பீட் பத்திரிகைக்குக் கொண்டுசென்றார். புகழ்பெற்ற கலைஞரை அழைத்துப் பெயர் சொல்லாமல் இசைத்தட்டுகளைப் போட்டுக் கருத்துக் கேட்பார். ராய் எல்ட்ரிட்ஜ் என்ற எக்காளக் கலைஞர், வாசிப்பவர் வெள்ளையரா கறுப்பரா என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லமுடியும் என்று பந்தயம் கட்டினார். அவர் கறுப்பினத்தவர், வெள்ளையர் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று, உணவு விடுதியிலும் தங்குமிடத்திலும் அவமதிப்புகளைத் தாங்கியவர். அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் உண்டு. 1951இல் சோதனை நடந்தது. பெரும்பாலும் தவறினார், தோற்றதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நமக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது அந்த ஒப்புதலால்தான்.

நம் நாட்டு வானொலியும் இவ்வழியைக் கைக்கொண்டதுண்டு. பி. வி. கேஸ்கர் அமைச்சராக வந்த 1952ஆம் ஆண்டையொட்டி, கலைஞர்களைக் குரல்தேர்வு செய்து தரம் பிரிக்கும் முறை நிலைபெற்றது. தேர்வாளர்கள் பெயரையும் முகத்தையும் அறியாமல் இசையை மட்டும் கேட்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். எதிர்ப்பும் எழுந்தது. பல்லாண்டு மேடையேறிய வித்துவானைத் திரைக்குப் பின்னே நிறுத்துவது அவமதிப்பு என்றார்கள். அந்த மனக்குறை நமக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் சிபாரிசு இல்லாத சிற்றூர் இளைஞன் ஒருவனுக்கு அந்தத் திரை எவ்வளவு பெரிய துணை!

ஆசிரியர் வீட்டில் ஒரு தட்டு இன்னும் பெயரில்லாமலே இருக்கிறது. ஒரு பெண் குரல். மூன்று நிமிடப் பாட்டு. முடிவில் அவர் தம் பெயரைச் சொல்கிறார். அவ்விடத்தில்தான் ஊசி அதிகம் தேய்த்திருக்கிறது. தமிழ்க் காதுகளுக்கு ஏதோ ஒரு ‘அம்மாள்’ கேட்கிறது. பெரியவர் அதை ‘அம்ம’ என்கிறார். இருவர் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுதி, தட்டின் நடுவட்டத்தை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறோம். பழைய கம்பெனிப் பட்டியல்களோடு அந்த எண்ணை ஒத்துப் பார்க்கும் வேலையை நண்பர்கள் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். அடுத்த பொங்கல் வரை தவணை.