சுழலும் வடிகட்டி

எந்த மாநிலத்தில் குடியேறினும் நம் இல்லங்களில் புளி கரைப்பது நிற்பதில்லை. வடிகட்டும்போது சக்கை சல்லடைக் கண்களை அடைத்துக்கொள்ளும். மேலும் அழுத்தினால் அடைப்பே இறுகும். ஆகவே விரலால் தேய்த்து விலக்குகிறோம்.

ஆலைகளில் பாலையும் பழச்சாற்றையும் கழிவு நீரையும் வடிக்கும் சவ்வுகளுக்கும் இவ்விடர் உண்டு. அவற்றின் துளைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் 1,000-இல் ஒரு பங்கிலும் சிறியவை. துகள்கள் அவற்றின்மேல் படிகின்றன. அழுத்தத்தை மிகுத்தால் படிவு கெட்டிப்படுமேயன்றி, வடிநீர் ஓரளவுக்கு மேல் பெருகாது. பம்பினால் திரவத்தைச் சவ்வின்மீது விரைந்து ஓடச் செய்வது வழக்கமான முறை. அதில் வேகத்தைக் கூட்டினால் அழுத்தமும் உடன் கூடிவிடும்.

சுழல் தகடு இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. சவ்வு போர்த்த வட்டத் தகடுகள் ஓர் அச்சில் சுழல்கின்றன. அல்லது சவ்வு நிலைத்திருக்க, அதனருகே வெறுந்தகடு சுழல்கிறது. சுழற்சி படிவைத் துடைப்பதால் குறைந்த அழுத்தமே போதும். ஈஸ்ட் கலந்த குழம்பு போன்ற கெட்டித் திரவங்களுக்கு இம்முறை பொருந்தும்.

எனினும் விளிம்பில் வேகம் மிகுதி, மையத்தில் குறைவு. ஆதலால் நடுப்பகுதியில் படிவு எளிதில் சேரும். சுழற்றுவதற்கு மின்செலவும் உண்டு. தெளிந்த நீருக்கு இப்பொறி வீண்செலவே. கழிவைச் சுண்டக் குறைத்து, ஆற்றில் விடாது காக்க விரும்பும் ஆலையோ இச்செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.